முளைக்காத பல்

ஸ்டூலைச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. ஏறவேண்டியதுதான் பாக்கி. ஆனால் கஸ்பார் ஏறவில்லை. ஒரு காலை மட்டும் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்துக்கொண்டு, பஸ் வருமா வராதா என்று தெரியாமல் நிற்கிறவரைப்போல நின்றார். ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயில் சுவரில் சாய்ந்து, இயேசுவின் திருஇருதயப் படத்தைத் தாண்டி, மாதா சுரூபம் நிற்கிற பலகையைத் தாண்டி, மகள் ரெனியின் படத்துக் கண்ணாடியில் விழுந்து, அங்கே நின்றுவிட்டது. கண்ணாடியில் வெயில் இருந்ததால் பிள்ளையின் முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தார். முகம் தெரியாத நேரத்தில் கழற்றிவிட்டால் கழற்றியதுபோல இருக்காது. ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்தானே. எல்லாரும் வந்து, ஜெபம் முடிந்து, சுண்டல் தின்று, எழுந்து போனபிறகு மறுபடியும் மாட்டிவிடலாம். அடுப்படியிலிருந்து ஜெசிந்தா கேட்டாள். "என்னங்க, ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேக்கு?" "தூசி தட்டுதேன்." "காலையிலதான் நான் தட்டினேன்." "மேல இருக்கு." மேலே என்றால் எங்கே என்று அவள் கேட்கவில்லை. குக்கர் சீறியது. அவர் காலை ஸ்டூலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார், பிறகு அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மணிக்கு அன்பியம் வந்துவிடும். தெருவிலுள்ள இருபது முப்பது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபமாலை சொல்வார்கள், விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்துப் பேசுவார்கள். ரெனி போனபிறகு இந்த வீட்டின் முறை வரும்போதெல்லாம், "நீங்க மெதுவா எடுத்துக்கிடுங்க, அவசரமில்ல" என்று தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு வருஷம் தாண்டினார்கள். இந்தத் தடவை ஜெசிந்தாவேதான், கோவில் வாசலில் எல்லார் முன்னாலும், "அடுத்தது எங்க வீடுதான" என்று சொன்னாள். அதில் தப்பொன்றும் இல்லை. தப்பு சீட்டில் வந்தது. விவிலிய மாதம் என்று சாமியார் ஒரு கூடையில் சீட்டுகளைப் போட்டு, ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார். தலைவர் மிக்கேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு கையைவிட்டு எடுத்தார். நல்ல சமாரியனை எடுத்திருக்கலாம், காணாமற்போன ஆட்டை எடுத்திருக்கலாம். இவர் எடுத்தது ஞானநூல், பதின்மூன்றும் பதினான்கும், சிலை வழிபாடு எப்படித் தோன்றியது. "உங்க வீட்டுக்குன்னு ஆண்டவர் எடுத்துத் தந்தது கஸ்பார்" என்று சிரித்தார் மிக்கேல்ராஜ். வீட்டம்மா வாசிக்க வேண்டும், வீட்டுக்காரர் விளக்கம் சொல்ல வேண்டும், அது அன்பியத்து வழக்கம். கஸ்பார் துறைமுகத்து ஆபீசிலிருந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து அந்த இரண்டு அதிகாரங்களையும் வாசித்தார். பதினான்காம் அதிகாரத்தின் நடுவில் ஒரு வசனத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். இறங்கவேண்டிய நிறுத்தமும் போய்விட்டது, குடையும் பஸ்ஸோடு போய்விட்டது.

பதின்மூன்று பரவாயில்லை. பதின்மூன்றில் மனிதர்கள் நெருப்பைப் பார்க்கிறார்கள், காற்றைப் பார்க்கிறார்கள், நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள், அவற்றின் அழகில் மயங்கி இவைதாம் கடவுள் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்காக அவர்களை ரொம்பவும் கோபித்துக்கொள்ள முடியாது என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. தேடித்தான் போனார்கள், வழியில் கண்ட அழகிலேயே நின்றுவிட்டார்கள். இதைச் சொல்ல எளிது. கடற்கரை ஊர்தானே, இங்கே காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்குப் புரியும். அதன்பிறகு ஒரு தச்சன் வருகிறான். நல்ல மரத்தில் பாத்திரம் பண்ணுகிறான், சிராய்களைச் சோறு பொங்க எரிக்கிறான், எதற்கும் ஆகாமல் மிஞ்சிய ஒரு கோணல் கட்டையைச் சும்மா இருக்கிற நேரத்தில் செதுக்கி, சிவப்புப் பூசி, சுவரில் மாடம் செய்து, விழுந்துவிடக்கூடாதே என்று ஆணி அடித்து நிறுத்துகிறான். தானாக நிற்கமுடியாதது என்று அவனுக்கே தெரியும். இந்த இடத்தில் கஸ்பாருக்குத் தம் கை ஞாபகம் வந்தது. இந்தச் சுவரில் ஆணி இறங்கவில்லை. சிமெண்டு பூச்சு பழசு, அடிக்க அடிக்கப் பெயர்ந்து உதிர்ந்தது. மூன்று இடத்தில் அடித்துப் பார்த்து நாலாவது இடத்தில்தான் நின்றது. அந்த மூன்று குழிகளையும் படம் மறைத்துக்கொண்டிருக்கிறது. படத்தைக் கழற்றினால் குழிகள் தெரியும். வருகிறவர்கள் குழிகளைப் பார்ப்பார்கள். அதைவிடப் படமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, குழிக்காக யாராவது பிள்ளையைச் சுவரில் வைப்பார்களா, என்ன யோசனை இது என்று தம்மையே கடிந்துகொண்டார்.

சிக்கல் பதினான்கில்தான். அகால துக்கத்தில் உருகிப்போன ஒரு தகப்பன், சட்டென்று தன்னிடமிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஓர் உருவம் செய்து வைத்தான். நேற்றுவரை செத்த மனித உடலாக இருந்ததை இன்று தெய்வம் என்று வணங்கினான். தன் வீட்டாருக்குச் சடங்குகளைச் சொல்லிக்கொடுத்தான். காலம் போகப்போக அது வழக்கமாயிற்று, வழக்கம் சட்டமாயிற்று. இவ்வளவுதான் அந்த வசனம். உலகத்துச் சிலைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பேராசையிலிருந்தோ அறியாமையிலிருந்தோ என்று சொல்லாமல், ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அழுதுகொண்டிருக்கிற ஓர் அப்பனைக் காட்டுகிறது. பஸ்ஸில் அதை வாசித்தபோது, யாரோ தம் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனதுபோல இருந்தது. இதை எப்படி ஜெசிந்தாவின் வாயாலே வாசிக்கச் சொல்வது? அதுவும் இந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்து? அதனால்தான் அவர் விவிலியத்தில் பதினான்காம் அதிகாரம் தொடங்குகிற இடத்திலிருந்து சில தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப்பைப் போட்டு வைத்திருக்கிறார். பதின்மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். நட்சத்திரம், நெருப்பு, தச்சன், அதுவே போதும். படத்தையும் கழற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அப்படியானால் பதினான்கை எழுதியவன் எதற்காக எழுதினான் என்ற கேள்வியை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். அது ஓரத்திலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உருவம் செய்தது அவர்தான், அதில் சந்தேகமில்லை. ரெனியைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. செல்போனில் எடுத்ததெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிற படங்கள், பாதிக் கை, பாதிப் பின்னல், விரல் மறைத்த மூக்கு. நாலாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் இருந்தது. அதில் இரண்டாவது வரிசையில், டீச்சருக்குப் பக்கத்தில், பெரிதாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்தார். காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, அடக்கம் முடிந்து, அந்த வாரமே. ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். பக்கத்துப் பிள்ளைகளை அழித்தார், பின்னால் நீல வானத்தைப் போட்டார், புருவத்துக்கு மேலிருந்த தழும்பை லேசாக்கினார். பிறகு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டி, "சார், இந்தப் பல்லு இல்லாதது படத்துக்கு ஒருமாதிரியா இருக்கு. போட்டுரட்டுமா?" என்று கேட்டார். மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல் அப்போதுதான் விழுந்திருந்தது. கஸ்பார் திரையைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒன்றும் பதியவில்லை. "சரி" என்றார். ஸ்டுடியோக்காரர் இந்தப் பக்கத்துப் பல்லை எடுத்துத் திருப்பி அந்தப் பக்கத்தில் வைத்தார். ஆண்டவர் முளைக்கவைக்காத பல்லை ஒரு மனிதர் ஒரு நொடியில் முளைக்கவைத்தார். அந்தப் பல் விழுந்த அன்று ரெனி செய்த ஆர்ப்பாட்டம் என்ன! சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்றாள். இந்தத் தெருவில் சாணிக்கு எங்கே போவது? கடைசியில் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிப் பல்லை வைத்து எறிந்தார்கள். அது மொட்டைமாடியில் விழாமல் கொலஸ்தி அக்கா வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. "எவன்டா என் வீட்டுல கல்லெறியுதது?" என்று அக்கா கத்த, அப்பனும் மகளும் சுவருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பல் போன சந்து வழியாக ஒரு காற்று வந்தது. அந்தச் சத்தம் எப்படி இருந்தது? ஸ்ஸ் என்றா, ஃபூ என்றா? கஸ்பார் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. குக்கர்தான் கேட்டது. இப்போதெல்லாம் இப்படி ஆகிறது. கண்ணை மூடினால் முதலில் வருவது நீல வானத்துப் பிள்ளை, பல் நிறைந்த பிள்ளை. அவளை ஒதுக்கிவிட்டுத்தான் நிஜப்பிள்ளையைத் தேடவேண்டியிருக்கிறது. சில நாள் தேடியும் கிடைப்பதில்லை.

முதலில் மெழுகுவர்த்தி ஏற்றியது அதே கொலஸ்தி அக்காதான். ஸ்கொலஸ்டிகா என்பது ஞானஸ்நானப் பெயர், தெருவுக்கு அவள் கொலஸ்தி. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. காலையிலேயே வந்து, படத்துக்குக் கீழே பலகையில் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்து, கண்ணை மூடிக் கைகூப்பினாள். "பாவமறியாத பிள்ள. நாம கேட்டா ஆண்டவர் யோசிப்பாரு, குட்டி அர்ச்சிஷ்டவ கேட்டா உடனே குடுப்பாரு" என்றாள். புனிதர்களை அவள் பழைய வழக்கப்படி அர்ச்சிஷ்டவர் என்றுதான் சொல்வாள். பெண் பாஸாகிவிட்டாள். பிறகு அடுத்த தெருவிலிருந்து காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அப்புறம் முகமே தெரியாத யாரோ. போன மாதம் ஆபீஸிலிருந்து வந்தபோது படத்தின் ஆணியில், தகட்டில் செய்த சின்னக் கால் ஒன்று நூலில் தொங்கியது. மூட்டுவலிக்கு நேர்ந்துகொண்டு கோவில்களில் தொங்கவிடுவார்களே, அதுபோல. கஸ்பார் அதை அவிழ்த்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே என்று கேட்டால் அவரிடம் பதில் உண்டு. சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதில். சுரூபத்தை வணங்கவில்லை, அது காட்டுகிறவரை மதிக்கிறோம், அவர் வழியாகக் கடவுளிடம் போகிறோம். ஆனால் இந்தப் படம் காட்டுவது யாரை? கொலஸ்தி அக்காவின் வாயில் ரெனி என்ற பெயர் வந்து எத்தனை நாளாயிற்று? குட்டி அர்ச்சிஷ்டவ, பரிசுத்தப் பிள்ள, சின்ன மாதா. பெயர் தேய்ந்துகொண்டே வருகிறது. பெயர் என்றதும் ஆபீஸில் பக்கத்து மேசை சங்கரலிங்கம் ஞாபகத்துக்கு வந்தார். அடக்கத்துக்கு வந்து, எல்லாரும் போனபிறகும் தெருமுனையில் காத்திருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுல கன்னி இருக்கா சார். கல்யாணத்துக்கு முன்னால செத்த பிள்ள. வருஷத்துக்கு ஒருவாட்டி ஓலப்பெட்டியில பாவாட சட்ட, வளையல், சீப்பு எல்லாம் புதுசா வச்சுக் கும்பிடுவோம். அவ வீட்டவிட்டுப் போகவே இல்லன்னுதான் நாங்க நினைச்சுக்கிடுதோம். நீங்களும் அப்படி நினைச்சுக்கிடுங்க." ஆறுதலாகத்தான் சொன்னார், ஆறுதலாகத்தான் இருந்தது. பாவாடை சட்டையை மடித்து வைக்கிற அந்தக் கைகளைக் கஸ்பார் நினைத்துப் பார்த்தார். "அந்தப் பிள்ளை பேரென்ன?" என்று கேட்டார் கஸ்பார். சங்கரலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "பேரு தெரியல சார். எங்க தாத்தாவோட அத்தையோ, அவளுக்கும் முந்தியோ. கன்னின்னுதான் சொல்லுவோம்." அன்றிலிருந்து அவர் மனசில் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரோ சோறு தின்னக் கூப்பிட்டிருப்பார்கள். அவளும் வராமல் ஒளிந்திருப்பாள்.

விவிலியத்துத் தகப்பனும் இப்படித்தான் இருந்திருப்பான். முதலில் சும்மா பார்க்கத்தான் செய்திருப்பான். எங்கிருந்து தொடங்கியிருப்பான்? மூக்கிலிருந்தா, காதிலிருந்தா? தச்சனாக இருந்தால் கை தானாகப் போகும். தச்சன் இல்லையென்றால் அரைகுறையாகத்தான் வந்திருக்கும். வராத இடத்தில் கொஞ்சம் அழகாகச் செய்திருப்பான், ஞாபகம் இல்லாத இடத்தில் கொஞ்சம் வழவழப்பாகச் செய்திருப்பான். பிள்ளையின் தழும்பைச் செதுக்க மனசு வந்திருக்குமா? ஓட்டைப்பல்லை விட்டுவைத்திருப்பானா? பிறகு வீட்டுக்காரி முதல் கவளத்தை அதற்கு முன்னால் வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி விளக்கோடு வந்திருப்பாள். அவன் வேண்டாம் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்திருப்பான், ஏனென்றால் வருகிறவர்கள் வருகிறவரைக்கும் வீட்டில் ஓர் ஆள் கூட இருப்பதுபோல இருக்கும். இந்த வீட்டிலும் கவளம் உண்டு. தினம் காலையில் முதல் இட்லி, முதல் தோசை, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் அந்தப் பலகைக்குப் போய்விடும். தட்டை வைத்துவிட்டு ஜெசிந்தா முணுமுணுப்பாள். வெகுநேரம் முணுமுணுப்பாள். என்ன சொல்கிறாள் என்று கஸ்பாருக்குத் தெரியாது. அவள் தட்டோடு வரும்போதே அவர் எழுந்து கொல்லைப்புறத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவத் தொடங்குவார். கழுவிய முகத்தையே மறுபடி கழுவுவார். இரண்டு வருஷமாக இப்படித்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் அவள் என்ன கேட்கிறாளோ, எதை வேண்டுகிறாளோ. ஜெபமாகவே இருந்துவிட்டால்? அவளும் பிள்ளையிடம் கைகூப்பிவிட்டால்? கொலஸ்தி அக்கா கூப்பினால் படத்தை மறைத்துவிடலாம். பெற்றவளே கூப்பிவிட்டால், பிள்ளையைப் பிள்ளையாக வைத்திருக்க உலகத்தில் தம்மைத் தவிர யாரும் இல்லை. தமக்கோ சிரிப்புச் சத்தம்கூட ஞாபகம் வரவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. ஜெசிந்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள், கையில் அதே சின்னத் தட்டு, அதில் ஒரு கரண்டிச் சுண்டல், மேலே தேங்காய்ப்பூ. மாலையில் தட்டு வரும் என்று கஸ்பார் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று ஸ்டூலிலிருந்து எழுந்தார். "முகம் கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைப்புறத்துக்கு நடந்து, குழாயின் கீழ் இரண்டு கையையும் குவித்துவைத்துத் திறந்தார். குழாய் உஸ்ஸென்று காற்றைவிட்டது. ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்பியம் வருகிறதென்று அவள் காலையிலிருந்து வீட்டையும் நாற்காலிகளையும் கழுவித் தள்ளியதில் மாடித்தொட்டி காலி. காற்றும் நின்றுபோயிற்று. குவித்த கையோடு அவர் நிற்க, வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. "இந்தா, சுண்டல். கடலப்பருப்பு இல்ல, உனக்குப் பிடிக்காத மொச்சதான், கடையில அதுதான் கெடச்சுது. மூஞ்சியத் தூக்காத. உங்கப்பா மறுபடியும் குடைய பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டாவ. கேட்டா மழையே இல்லங்காவ. இப்ப ஸ்டூலப் போட்டுக்கிட்டுத் தூசி தட்டுதாவளாம், தூசி. ஆளுக வருவாவ, குதிக்காம இரு. கொலஸ்தி பெரியம்மா பூவோட வருவா, தும்மிக்கிட்டுக் கெடக்காத. பதினாறாம் வாய்ப்பாடு படிச்சியா? படிச்சிருக்க மாட்ட." கஸ்பார் குழாயை மூடினார். மூடவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் இறுக மூடினார். கோள்சொல்லல். இரண்டு வருஷமாக அவள் செய்துகொண்டிருந்தது கோள்சொல்லல். தம்மைப் பற்றித்தான். எத்தனை குடை, எத்தனை மறதி, எத்தனை நாள் உப்பில்லாத குழம்பைச் சொல்லாமல் தின்றது, எல்லாம் மகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையில் தண்ணீர் இல்லாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க இருந்தது.

உள்ளே வந்தபோது அவள் ஸ்டூலைத் தூக்கி மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள். விவிலியம் திறந்து கிடந்தது. கிளிப் மேசைமேல் தனியாகக் கிடந்தது. "இதுக்குப் போயி கிளிப்பா? புத்தகம் மடங்கிரும்" என்றாள். அவர் கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நான் போன வாரமே ரெண்டையும் வாசிச்சுப் பாத்துட்டேன். வாசிக்கிறவ தட்டுத்தடுமாறக்கூடாதுல்லா." முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "அந்த அப்பன் பாவம். ஆனா அவன் என்ன செஞ்சான், அவன் வீட்டாளுக என்ன செஞ்சாவன்னு எழுதியிருக்கு, அம்மக்காரிய பத்தி ஒரு வார்த்த இல்ல. அவ இருந்திருந்தா இது நம்ம பிள்ளை மாதிரியே இல்லன்னு சொல்லியிருப்பா." பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இந்தப் பல்ல யாருங்க வைக்கச் சொன்னது? தெனம் பாக்கும்போது யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகிட்டப் பேசுத மாதிரி இருக்கு. நானும் பல்லப் பாக்காம கண்ணப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கேன்." "நான்தான்" என்றார் கஸ்பார். "நீங்கதான்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது கொலஸ்தி அக்காதான். கையில் ஒரு முழம் மல்லிகை, இன்னொரு கையில் மெழுகுவர்த்தி. நேரே படத்துக்குப் போனாள். "குட்டி அர்ச்சிஷ்டவளே, என் மூத்தவனுக்கு நாளைக்கு இன்டர்வியூ" என்று தொடங்கிப் பூவைப் படத்தின்மேல் சார்த்தக் கையை உயர்த்தினாள். ஜெசிந்தா நடுவில் வந்து, அவள் கையை மென்மையாகப் பிடித்து, பூவை வாங்கிக்கொண்டாள். "அக்கா, அவளுக்கு மல்லி ஆகாது. தும்மியே செத்துப்போவா." சொன்னபிறகுதான் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. ஜெசிந்தா சட்டென்று திரும்பினாள். பூவை மாதா சுரூபத்துக்குச் சூட்டினாள். "மாதாவுக்கு ஒண்ணும் செய்யாது. கேக்கிறதையும் அங்கயே கேளுங்க. இவகிட்டப் போயி பரீட்ச, இன்டர்வியூன்னு கேக்கியளே, இவளே கணக்குல ரெண்டுவாட்டி ஃபெயிலு. போன தடவ உங்க மவ பாஸானது அவ படிச்ச படிப்புக்கா." கொலஸ்தி அக்கா மெழுகுவர்த்தியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல மாதாவின் பக்கம் திரும்பிப் பற்றவைத்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று கஸ்பாருக்குப் பதைத்தது. மற்றவர்கள் வந்தார்கள், பாய்கள் நிறைந்தன, நாற்காலிகள் நிறைந்தன. ஜெபமாலை முடிந்தது. பிறகு ஜெசிந்தா விவிலியத்தை மடியில் வைத்து வாசித்தாள். நட்சத்திரம் வந்தது, காற்று வந்தது, தச்சன் வந்து ஆணி அடித்தான். கடலில் போகிறவன் தன் தோணியைவிட நோஞ்சானான ஒரு மரக்கட்டையிடம் கையேந்தினான். அதற்கு மிக்கேல்ராஜ் லேசாகச் சிரித்தார், அவர் தோணிக்காரர். கிளிப் இல்லாத தாள் சத்தமில்லாமல் புரண்டது. அகால துக்கத்தில் உருகிய அந்தத் தகப்பனுக்கு வந்தாள். குரல் தடுமாறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்து வாசித்தாள். எல்லாருக்கும் சுவரைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. அதிகாரம் முடிந்தது. "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றாள். "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள் எல்லாரும், மிகவும் தாழ்ந்த குரலில்.

"கஸ்பார், விளக்கம்" என்றார் மிக்கேல்ராஜ், மன்னிப்புக் கேட்பதுபோல. கஸ்பார் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் தலைக்கு நேராக மாதா, மாதாவின் கழுத்தில் ஒரு முழம் மல்லிகை, மெழுகுவர்த்திச் சூட்டில் மணம் இறங்கிக்கொண்டிருந்தது. நட்சத்திரத்திலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தார். மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது. ஒரு தும்மல். பொறுத்துக்கொள்ளப் பார்த்தார், இரண்டாவது. மூன்றாவது, அடக்கியதால் அகப்பட்டுக்கொண்டு, கடைசியில் கீச்சென்று ஒரு சின்ன விசில்போல வெளியே வந்தது. அந்தக் கீச்சு இன்னும் காற்றில் நின்றது. கஸ்பார் அதைக் கேட்டார். தம் மூக்கிலிருந்து வந்ததைத் தாமே, யாரோ கூப்பிட்டதைப்போலக் கேட்டார். ஜெசிந்தா புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். கொலஸ்தி அக்கா பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஏ மாதாவே!" என்றாள். "அப்படியே நம்ம ரெனி! அந்த மூணாவது தும்மல் அப்படியே ரெனியேதான்! பாதகத்தி, என் வீட்டு முத்தத்துல மாவு உருண்டைய எறிஞ்சவதான அவ, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சிய?" யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, ரெனி என் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதாளே என்றாள். ரெனி, ரெனி என்று பெயர் ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கஸ்பார் கைக்குட்டையைத் தேடினார், அது குடையோடு போயிருக்க வேண்டும். ஜெசிந்தா முந்தானையை நீட்டினாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரின் பக்கம் திரும்பி, எல்லாரும் இப்போது தாராளமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படத்தைச் சுட்டிக் காட்டி, விளக்கத்தைப் பல்லிலிருந்து தொடங்கினார்.